ஓசூர் பிளேட்டிங் பட்டறைக்காரங்களுக்கும் கிருஷ்ணகிரி மாங்கூழ் கம்பெனிக்காரங்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கமுங்க.

ரெண்டு தொழில்காரங்கள ஒரே மடல்ல கூப்பிடறேன், ஏன்னா உங்க ரெண்டு பேரோட கழிவும் ஒண்ணுக்கொண்ணு உதவும், ஆனா நீங்க ரெண்டு பேரும் இதுவரைக்கும் ஒரு தடவ கூட உக்காந்து பேசினதில்ல. ஓசூரச் சுத்தி சின்னதும் பெருசுமா பிளேட்டிங் பட்டறை இருக்குது, வண்டி பார்ட்ஸ், போல்ட்டு நட்டு, பைப்பு எல்லாத்துக்கும் நிக்கல், குரோம், ஜிங்க் ஏத்தறாங்க, கழுவுற தண்ணியில அந்த உலோகம் கொஞ்சம் கொஞ்சமா போகுது. இந்தப் பக்கம் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் சுத்துவட்டாரத்துல மே மாசம் பழம் எறங்க ஆரம்பிச்சா சீசன் முடியற வரைக்கும் மாங்கூழ் கம்பெனி வாசல்ல லாரி வரிசை, உள்ள கூழு டின்னுக்குப் போகுது, வெளிய தோலும் கொட்டையும் மலையா குவியுது. ரெண்டுக்கும் நடுவுல 50 கிலோமீட்டர் நேஷனல் ஹைவே, அவ்வளவுதான். அந்தக் கொட்டை ஓட்டுக்கு தண்ணியில இருக்கற உலோகத்தப் புடிச்சு வச்சுக்கற குணம் இருக்குது. இத எப்படி ஒழுங்கா செய்யறது, எப்படி செஞ்சா நாசமாப் போகும், ரெண்டையும் சொல்லத்தான் இந்த மடல்.

நான் ஓசூர்ல ஒரு பட்டறையில இடிபி, அதான் கழிவுத் தண்ணி சுத்தம் பண்ற பிளாண்ட், பாக்கறவன். கெமிக்கல் டோசிங், பிஹெச் (அமிலமா காரமான்னு காட்டற அளவு) பாக்கறது, ஃபில்டர் பிரஸ்ஸப் பிரிச்சு கேக் (பிழிஞ்ச உலோகச் சேறு) எடுக்கறது, லாக்புக் எழுதறது, இதான் என் வேல. வீடு காவேரிப்பட்டணம் பக்கம், எங்களுக்கும் கொஞ்சம் பெங்களூரா மாமரம் இருக்குது. ரெண்டு கழிவையும் கையால தொட்டுப் பாத்தவன்ங்கற உரிமையில எழுதறேன்.

மொதல்ல பிளேட்டிங்காரங்க கிட்ட. நம்ம ஊர்ல தண்ணி மாசுன்னு சொன்னா எல்லாரும் கெலவரப்பள்ளி டேம் நுரையத்தான் காட்டுவாங்க. டிவிக்காரங்களும் அதத்தான் எடுக்கறாங்க, பாக்க அப்படி இருக்குது, வெள்ள வெள்ளையா மலை மாதிரி. அந்த நுரை பெரும்பாலும் சோப்பு, டிடர்ஜென்ட், சாக்கடைத் தண்ணி, பெங்களூரு பக்கமிருந்து தென்பெண்ணையில வர்றது, அதுக்காக சண்ட போடணும், போடறாங்க. ஆனா நிக்கல் நுரைக்காதுங்க. காட்மியம் நாத்தம் அடிக்காது. குரோம் கூட லிட்டருக்கு ரெண்டு மூணு மில்லிகிராம் அளவுல இருந்தா சாதாரணக் கண்ணுக்கு தண்ணி தெளிஞ்ச மாதிரிதான் தெரியும். சாக்கடையில இருக்கற அழுக்க கிருமி தின்னு தீக்கும், வெயில் பட்டு கொஞ்சம் மாறும், உலோகம் அப்படி எதுவும் ஆகாது, அது ஒரு தனிமம், உடையாது, அழியாது, ஏரி சேத்துல, கெணத்துல, வரப்போர மண்ணுல உக்காந்துக்கும். ராணிப்பேட்டை சிப்காட்ல 1990கள்ல மூடின குரோமேட் ஆலையோட கழிவு லட்சம் டன்னுக்கு மேல அங்கயே குவிஞ்சு கெடந்துச்சு, கம்பெனி மூடி எத்தனையோ வருஷம் ஆனப்புறமும் நிலத்தடித் தண்ணி மஞ்சளா வருதுன்னு அந்த ஊர் ஜனங்க சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நம்மள்ல இருந்து ரொம்ப தூரமில்ல அந்த ஊரு.

"நாங்கதான் மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் சொன்ன லிமிட்டுக்குள்ள விடறோமே"ன்னு கேப்பீங்க. சரி, கேக்கற கேள்விதான். ஆறு, கால்வாய்ல விடறதுக்கு நிக்கல் லிட்டருக்கு 3 மில்லிகிராம், மொத்த குரோமியம் 2, ஆறு மதிப்புள்ள குரோமியம் (குரோமியத்துல விஷம் ஜாஸ்தியான வகை) 0.1, ஜிங்க் 5, இதான் சட்டம். குடிக்கற தண்ணிக்கு ஐஎஸ் 10500ங்கற இந்தியத் தரம் சொல்றது நிக்கல் 0.02, குரோமியம் 0.05. அதாவது சட்டப்படி நீங்க விடக்கூடிய நிக்கல், குடிதண்ணி அளவ விட 150 மடங்கு. ஆத்துல கலந்து கொறஞ்சுடும்னு நெனச்சுத்தான் அந்த வித்தியாசம் வச்சிருக்காங்க, ஆனா வெயில் காலத்துல நம்ம கால்வாயில கலக்கறதுக்கு வேற தண்ணி எங்க இருக்குது சொல்லுங்க. ஒரு கணக்கு போட்டுப் பாருங்க, ஒரு பட்டறை தெனம் 10,000 லிட்டர் விடுதுன்னு வச்சுக்குவோம், சரியா 3 மில்லிகிராம்ல, ஒரு நாள் கூட தப்பு பண்ணாம. தெனம் 30 கிராம் நிக்கல். வருஷத்துக்கு 300 நாள் வேலன்னா 9 கிலோ. ஒழுங்கா நடக்கற ஒரே ஒரு பட்டறையில இருந்து வருஷா வருஷம் 9 கிலோ நிக்கல் வெளிய போய் எங்கயோ உக்காருது. எத்தன பட்டறை, எத்தன வருஷம்னு நீங்களே பெருக்கிக்குங்க.

இன்னும் கீழ எறக்க ஏன் முடியலைன்னா, அது உங்க இடிபி ஆளு சோம்பேறித்தனமில்ல, அது கெமிஸ்ட்ரி. குரோம் தண்ணிய பிஹெச் 2, 3க்கு எறக்கி மெட்டாபைசல்ஃபைட் போட்டு ஆறு மதிப்ப மூணு மதிப்பா மாத்தறோம், அப்புறம் சுண்ணாம்போ காஸ்டிக்கோ போட்டு ஏத்தி சேறா விழ வைக்கறோம். குரோமியம் நல்லா விழறது 8, 8.5 பக்கம். ஜிங்க்குக்கு 9 சொச்சம். நிக்கல் முழுசா விழணும்னா 10க்கு மேல போகணும், ஆனா அவ்வளவு ஏத்தினா விழுந்த குரோமும் ஜிங்க்கும் மறுபடி கரைய ஆரம்பிச்சிடும். பெரிய கம்பெனி தனித்தனி டேங்க் வச்சு பிரிச்சு பண்ணுது, சின்னப் பட்டறையில எல்லாம் ஒரே டேங்க், ஒரே பிஹெச். அதனால எதாவது ஒண்ணு கொஞ்சம் மிச்சம் நிக்கத்தான் செய்யும். ஆர்ஓ வச்சிருக்கறவங்களும் கேளுங்க, ஆர்ஓ உலோகத்த ஒழிக்கறதில்ல, ரிஜெக்ட் தண்ணிக்குத் தள்ளி விடுது.

அந்த மிச்சத்துக்குத்தான் மாங்கொட்டை.

கொட்டை ஓடு, தேங்கா நார்த்தூள், வேர்க்கடலத் தொலி, புளியங்கொட்டைத் தோல், நெல்லு உமி, இதுல எல்லாம் செல்லுலோசு, லிக்னின், சிலதுல டானின், பெக்டின் இருக்குது. இந்தப் பொருளுங்களோட மேல் பரப்புல கார்பாக்சில், ஃபீனால்ன்னு சொல்ற பிடிமானங்க ஏராளம், சாதாரணமா அதுல ஹைட்ரஜனோ கால்சியமோ உக்காந்திருக்கும், தண்ணியில வர்ற நிக்கலோ ஈயமோ அத எழுப்பி விட்டுட்டு தான் உக்காந்துக்கும். கெட்டித் தண்ணிய மாத்தற சாஃப்ட்னர்ல இருக்கற ரெசின் பண்ற அதே வேல, இது மரம் தானா செஞ்சு வச்சது. இது ஒண்ணும் நேத்து முளைச்ச யோசனை இல்ல. கோயமுத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்துல பேராசிரியர் நமசிவாயமும் அவர் மாணவங்களும் 1990கள்லயே கடலத் தொலிக் கரி வச்சு காட்மியம், நிக்கல் எடுத்தாங்க, அப்புறம் தேங்கா நார்த்தூள் கரி வச்சு பல உலோகத்துக்கு ஆய்வு பண்ணி உலக ஜர்னல்ல போட்டாங்க. நம்ம கொங்கு மண்ணுல, நம்ம கழிவ வச்சு செஞ்ச வேல அது. அதுக்கப்புறம் உலகம் பூரா ஆயிரக்கணக்குல பேப்பர் வந்துச்சு, ஆனா ஓசூர்ல நான் பாத்த எந்தப் பட்டறையிலயும் இப்படி ஓடு நெரப்பி தண்ணி விடற குழாய் ஒண்ணு கூட ஓடல. எனக்கு அதுதான் தாங்க மாட்டேங்குது.

ஏன் ஓடலன்னு நானும் யோசிச்சேன், சின்ன அளவுல செஞ்சும் பாத்தேன். சீசன்ல கொண்டாந்த பெங்களூரா கொட்டைய அருவாளால பொளந்து பருப்ப எடுத்துட்டு, ஓட்ட மட்டும் உடைச்சு, கொதிக்கற தண்ணியில போட்டா மொத தண்ணி டீ டிக்காஷன் மாதிரி எறங்கும். அதான் டானின். இத கழுவாம அப்படியே குழாயில போட்டீங்கன்னா நிக்கல் கொறையும், ஆனா வெளிய வர்ற தண்ணி பழுப்பா இருக்கும், சிஓடி (தண்ணியில கலந்த கரிம அழுக்கோட அளவு) எகிறும், வாரியத்துக்காரங்க சாம்பிள் எடுத்தா ஒரு லிமிட்ல பாஸாகி இன்னொண்ணுல மாட்டுவீங்க. அதனால நெறம் வர்றது நிக்கற வரைக்கும் கழுவணும், வெயில்ல காயப் போடணும், ரவை மாதிரி இல்லாம கொஞ்சம் பெரிய குருணையா, ஒரு மில்லிமீட்டர் ரெண்டு மில்லிமீட்டர் அளவுல சலிக்கணும். ரொம்ப நைஸா அரைச்சா பரப்பு அதிகம், நல்லாப் புடிக்கும்னு பேப்பர்ல இருக்கும், உண்மைதான், ஆனா குழாயில போட்டா ஒரே நாள்ல அடச்சுக்கும். நார்த்தூளுக்கும் இதே பாடுதான், தன் எடைய விடப் பல மடங்கு தண்ணியக் குடிச்சு உப்பிக்கும், பிரஷர் ஏறி பம்பு கத்தும். கொட்டை ஓடு அப்படி உப்பாது, அதான் அதோட பெரிய பலம்.

கழுவின குருணைய ஒரு கண்ணாடிக் குழாயில நெரப்பி, செட்லிங் டேங்க்லயும் சாண்ட் ஃபில்டர்லயும் வெளிய வந்த தண்ணிய பிஹெச் 6க்கு கொண்டாந்து மெதுவா விட்டேன். உள்ள போற தண்ணியில டைமெத்தில்கிளையாக்சைம் ரெண்டு சொட்டு விட்டா ரோஜா செவப்பு வருது, நிக்கல் இருக்குதுன்னு அர்த்தம். வெளிய வர்ற தண்ணியில விட்டா வரல. மனசுக்கு அவ்வளவு சந்தோசமா இருந்துச்சுங்க. அப்புறம் ஒரு கட்டத்துல லேசா ரோஸ் தட்ட ஆரம்பிச்சுச்சு, குழாய் நெரம்பிடுச்சுன்னு அர்த்தம். இந்த நெரம்பற நேரம் தான் முக்கியம், அத வச்சுத்தான் செலவு, அத யாரும் உங்களுக்கு சொல்றதில்ல.

பட்டறைக்கு "பயோ மீடியா"ன்னு மூட்டையில எதையோ கொண்டாந்து 99 சதவீதம் உலோகம் எடுக்கும்னு சொல்ற ஆளுங்க வர்றாங்க. நீங்க கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு, எந்தத் தண்ணியில 99? லேப்ல டிஸ்டில்டு வாட்டர்ல சுத்தமான நிக்கல் உப்பக் கரைச்சு பண்ணின டெஸ்ட்டுக்கும் நம்ம தண்ணிக்கும் ஏணி வச்சாலும் எட்டாது. நம்ம மாவட்டம் பூரா பாறை, போர் தண்ணி உப்பு, கெட்டித் தண்ணி, கால்சியமும் மெக்னீசியமும் நிக்கல விட நூறு மடங்கு இருக்கும், அதுங்களும் அதே இடத்துக்கு அடிச்சுக்கும். போதாக்குறைக்கு சுண்ணாம்பு வேற நாமளே போடறோம். பிளேட்டிங் கெமிக்கல்ல இடிடிஏ, சிட்ரேட் மாதிரி எதாவது இருந்தா அது நிக்கல கெட்டியா புடிச்சு வச்சுக்கும், ஓட்டுக்கு விடாது. எலக்ட்ரோலெஸ் நிக்கல் (கரண்ட் இல்லாம ஏத்தற நிக்கல்) தண்ணிய இதுல விட்டுட்டு வேல செய்யலன்னு சொல்லாதீங்க, அது செய்யாது. ஒவ்வொரு பட்டறைத் தண்ணியும் வேற வேற, உங்க தண்ணியில, உங்க டேங்க்ல இருந்து எடுத்த தண்ணியில ஓட்டிப் பாத்தாத்தான் உண்மை.

எவ்வளவு ஓடு வேணும்? நெசத் தண்ணியில ஒரு கிலோ குருணை 5 கிராம் நிக்கல் புடிக்குதுன்னு ஒரு கணக்குக்கு வச்சுக்குங்க. கடைசித் தண்ணியில 3 மில்லிகிராம், 10,000 லிட்டர், தெனம் 30 கிராம்னா தெனம் 6 கிலோ ஓடு, மாசத்துக்கு 25 நாளுக்கு 150 கிலோ. மூணு மூட்டை, சமாளிக்கலாம். இதையே ட்ரீட்மென்ட் எதுவும் பண்ணாத ரின்ஸ் (கழுவுற) தண்ணியில, 50 மில்லிகிராம் இருக்கறதுல போட்டீங்கன்னா தெனம் 100 கிலோ, மாசம் 2.5 டன். அம்புட்டும் உலோகம் ஏறின கழிவு, எங்க வைப்பீங்க? அதனால "இடிபிய மூடிட்டு மாங்கொட்டை போட்டாப் போதும், கெமிக்கல் செலவே இல்ல"ன்னு எவனாவது சொன்னா வெளிய அனுப்புங்க. சுண்ணாம்பு, மெட்டா, செட்லிங் எல்லாம் அப்படியே இருக்கணும், ஓடு கடைசிப் படிக்கு மட்டும். அதுக்கும் முன்னாடி ஒண்ணு, ஜாப்ப (பிளேட்டிங் பண்ற சாமான) டேங்க்ல இருந்து தூக்கினதும் டேங்க் மேலயே பத்து செகண்ட் கூடுதலா தொங்க விட்டு சொட்ட விடச் சொல்லுங்க, ரின்ஸ ரெண்டு மூணு டேங்க்கா எதிர்ப்பக்கம் ஓட விடுங்க. பெருசா செலவில்லாம பிரச்சனை அங்கயே கொறையும், அப்புறம் ஓடும் கொஞ்சமாப் போதும்.

குரோம் விஷயத்துல ஒரு பெரிய ஏமாத்தம் இருக்குது, கவனமா படிங்க. ஆறு மதிப்பு குரோமியம் தண்ணியில எதிர் மின்சுமையோட இருக்கும், நிக்கல் மாதிரி பிஹெச் 6ல ஒட்டாது, அமிலத் தண்ணியில, பிஹெச் 2 பக்கம்தான் நல்லா ஒட்டும். அங்க ஓட்டுல இருக்கற டானினும் லிக்னினும் அத மூணு மதிப்பா மாத்தவும் செய்யும். ஆறு மதிப்பக் காட்டற டைஃபினைல் கார்பசைடு போட்டா ஊதா கலர் வராது, "ஆகா, குரோம் போச்சு"ன்னு தோணும். ஆனா மாறின மூணு மதிப்பு குரோமியம் அந்த அமிலத் தண்ணியில நிம்மதியா கரைஞ்சு வெளிய வந்துக்கிட்டு இருக்கும், அந்த டெஸ்ட் அதக் காட்டாது. மொத்த குரோமியத்த ஏஏஎஸ்ங்கற உலோகம் அளக்கற மெஷின்ல குடுத்துப் பாத்தாத்தான் தெரியும். நெறைய பேரு இந்த எடத்துல ஏமாந்து "100 சதவீத ரிமூவல்"னு எழுதறாங்க. என் அபிப்பிராயம், குரோமுக்கு உங்க மெட்டா முறையே நல்லது, ஓட்ட நிக்கல், ஜிங்க், காப்பர், ஈயத்துக்கு வச்சுக்குங்க.

சயனைடு குளியல் (சயனைடு கலந்த பிளேட்டிங் தொட்டி) வச்சிருக்கறவங்க இந்த லைன்ல தயவு செஞ்சு கலக்காதீங்க. சயனைடு தண்ணியும் அமிலமும் சேந்தா வர்ற வாயு ஆளக் கொல்லும். சயனைட தனியா குளோரின் போட்டு அழிச்சு முடிச்ச அப்புறம் பேசலாம்.

இப்ப மாங்கூழ் கம்பெனிக்காரங்க கிட்ட வர்றேன். நம்ம மாவட்டத்துல சுமார் 30,000 ஹெக்டேர்ல மா இருக்குது, வருஷம் நல்லா இருந்தா சுமார் மூணு லட்சம் டன் பழம். கூழுக்குப் போற பெங்களூராவுல மூணுல ஒரு பங்குக்கு கொறையாம தோலும் கொட்டையுமா வெளிய வருது. தோல கொஞ்சம் மாட்டுக்கு ஓட்டறாங்க, கொஞ்சம் உரக்குழிக்குப் போகுது, மிச்சம் ரோட்டோரம், ஏரிக்கரை, காலி நிலம்னு போய் ஈ மொய்ச்சுக் கெடக்குது, அந்த வாசனை சீசன்ல பக்கத்துல குடியிருக்கறவங்களக் கேட்டாத் தெரியும். கொட்டைக்கு சந்தூர் பக்கத்து நர்சரிக்காரங்க ஒட்டுச் செடிக்காக வந்து எடுக்கறாங்க, அது நல்ல வேல, அத நான் தொடச் சொல்லல. பருப்புல கொழுப்பு இருக்குது, அதுக்கும் வாங்கற ஆளு இருக்காங்க, அதையும் வித்துக்குங்க. பருப்பு எடுத்தப்புறம் மிஞ்சற ஓடு, அதுக்குத்தான் இன்னிக்கு வெல இல்ல, அதத்தான் கேக்கறேன்.

தோலையும் சேத்து ஏன் கேக்கலன்னா, தோலு நல்லா உலோகம் புடிக்கும், பெக்டின் ஜாஸ்தி, ஆனா சர்க்கரையும் ஜாஸ்தி, ரெண்டு நாள்ல அழுகிடும், கழுவிக் காய வைக்கறதுக்கே ஒரு ஆறு தண்ணி வேணும், வெளிய வர்ற அழுக்குத் தண்ணிய சுத்தம் பண்ண இன்னொரு பிளாண்ட் வேணும். ராகி வைக்கோல், சோளத்தட்டு பக்கமும் போக வேணாம், அது மாட்டோட சாப்பாடு, அத எடுத்து தண்ணி சுத்தம் பண்றோம்னு கெளம்பினா பால்காரங்க வயித்துல அடிச்ச மாதிரி. கடலத் தொலி ஏற்கனவே செங்கச்சூளைக்கும் பாய்லருக்கும் விக்குது. நெசமாவே யாருக்கும் வேணாம்னு கெடக்கறது எதுன்னு பாத்து அத எடுக்கறதுதான் நியாயம்.

நீங்க செய்ய வேண்டியது பெருசா ஒண்ணுமில்ல. தோலையும் கொட்டையையும் ஒரே குவியல்ல கொட்டாம பிரிச்சு வைங்க. கொட்டைய கான்கிரீட் தளத்துல பரப்பிக் காய வைங்க, சீசன் நடுவுலயே மழை புடிச்சுக்கும், மேல ஒரு ஷீட்டு இருந்தா பூஞ்சை வராது. பொளக்கறதும் பருப்பு எடுக்கறதும் ஊர்ப் பொம்பளைங்களுக்கு சீசன் முடிஞ்சப்புறமும் கொஞ்ச மாசம் வேல குடுக்கும். காஞ்ச ஓடு வருஷம் பூரா கெடாது, குடோன்ல மூட்டையா வச்சுக்கலாம், அதனால நாலு மாச சீசன் கழிவு பன்னெண்டு மாசத் தொழிலுக்கு ஒதவும்.

இனி சொல்லப் போறது ரெண்டு பேருக்கும், விவசாயிங்களுக்கும் சேத்து. என்னோட பயமெல்லாம் இங்கதான் இருக்குது.

உலோகம் புடிச்சு நெரம்பின ஓடு என்ன ஆகும்? அது பாக்க சாதாரண மாங்கொட்டை ஓடுதான். நெறம் மாறி இருக்காது, நாத்தம் இருக்காது. நார்த்தூளா இருந்தா இன்னும் மோசம், ஏன்னா நர்சரிக்கும் குரோபேக்குக்கும் நார்த்தூள் மூட்டை மூட்டையா விக்குது. பட்டறை பின்னாடி கெடக்கற மூட்டைய எவனாவது அறியாம ஏத்திட்டுப் போயி நாத்துக்குப் போட்டா, ராயக்கோட்டை தக்காளியில, ஓசூர் கீரையில, நம்ம புள்ளைங்க தட்டுல அது வந்து நிக்கும். காட்மியம் மாதிரி உலோகத்த கீரை சுலபமா உறிஞ்சும். தண்ணியில பரவிக் கெடந்தத நாமளே ஒண்ணு சேத்து மூட்டை கட்டி வயலுக்கு அனுப்பின பாவம் வேணுமா?

எரிச்சிடலாம்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. ஓடு எரியும், உலோகம் எரியாது, சாம்பல்ல அடர்த்தியா நிக்கும். அதுல குரோமியம் இருந்தா இன்னும் ஒரு ஆபத்து. அபாயம் கொறைஞ்ச மூணு மதிப்பு குரோமியத்த காத்தோட்டத்துல காரத்தோட சேத்து வறுத்தா மறுபடியும் ஆறு மதிப்பா மாறும். குரோமேட் ஆலைங்க தாதுவ சோடா ஆஷோட சேத்து சூளையில வறுக்கறது இதுக்காகத்தான். மர ஓட்டுச் சாம்பல்லயும் காரம் இருக்குது, நம்ம சேறுல சுண்ணாம்பு இருக்குது. கஷ்டப்பட்டு மெட்டா போட்டு எறக்கினத அடுப்புல ஏத்தி விட்டுட்டு, சாம்பல காத்துல விட்டா அத மூச்சுல இழுக்கறது நம்ம தொழிலாளிங்கதான். ஆறு மதிப்பு குரோமியம் புத்துநோய் வர வைக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட ஆய்வு அமைப்பே மொதல் பட்டியல்ல வச்சிருக்குது. குரோம் தொட்டி பக்கத்துல பல வருஷம் நின்னு மூக்குத் தண்டுல ஓட்டை விழுந்தவங்க உண்டு, கையில குரோம் புண்ணு வந்தவங்க உண்டு, நிக்கல் அரிப்போட வேலைக்கு வர்றவங்கள நான் தெனம் பாக்கறேன்.

சரியான வழி இருக்குது, கொஞ்சம் மெனக்கெடணும். நெரம்பின குழாயில லேசான அமிலம் விட்டா உலோகம் கழண்டு கொஞ்சத் தண்ணியில அடர்த்தியா வந்துடும், அந்தத் தண்ணிய இடிபியோட மொத டேங்க்குக்கே திருப்பி விடலாம், சேறா விழுந்துடும். ஓட்டக் கழுவி மறுபடி ஓட்டலாம். ஒவ்வொரு தடவையும் புடிக்கற சக்தி கொஞ்சம் கொறையும், ஒரு கட்டத்துல மாத்தித்தான் ஆகணும். மாத்தினத உங்க ஃபில்டர் பிரஸ் கேக் எப்படிப் போகுதோ அதே மாதிரி, 2016 அபாயக் கழிவு விதிப்படி மூடின டிரம்ல லேபிள் ஒட்டி, மேனிஃபெஸ்ட் (கழிவு எங்க போகுதுன்னு காட்டற சீட்டு) போட்டு, அனுமதி வாங்கின இடத்துக்குத்தான் அனுப்பணும், கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவு நிலையத்துக்கோ, வாரியம் ஒத்துக்கிட்டா சிமெண்ட் சூளைக்கோ. உள்ள போற புது ஓடு எத்தன கிலோ, வெளிய போற பழைய ஓடு எத்தன கிலோ, ரெண்டும் லாக்புக்ல இருக்கணும். அந்தக் கணக்கு வைக்க முடியாதுன்னா, தயவு செஞ்சு ஆரம்பிக்கவே வேணாம், இப்ப இருக்கற நெலமையே தேவலை.

தனித்தனியா ஒவ்வொரு சின்னப் பட்டறையும் இத பண்றது கஷ்டம்னு எனக்கும் தெரியும். அதனால கூட்டா பண்ணுங்க. ஓட்டக் கழுவி, காய வச்சு, குருணையாக்கி, சின்ன டப்பாவுல நெரப்பிக் குடுக்கற இடம் ஒண்ணு, கிருஷ்ணகிரி பக்கம். நெரம்பின டப்பாவ வண்டியில எடுத்துட்டு வந்து அமிலம் விட்டுக் கழுவற இடம் ஒண்ணு, ஓசூர்ல, இடிபி உள்ள எடத்துலயே. பட்டறைக்காரரு கேஸ் சிலிண்டர் மாத்தற மாதிரி டப்பாவ மாத்திக்கிட்டாப் போதும், ஓட்டக் கையால தொடவே வேண்டியதில்ல, மூட்டை வெளிய போகவும் வழியில்ல.

மாவட்ட நிர்வாகத்துக்கும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ரெண்டு வார்த்தை. ரெண்டு தொழில்காரங்களையும் ஒரு ஹால்ல உக்கார வைக்கறது உங்களால மட்டும்தான் முடியும். பட்டறைக்காரங்களுக்கு புதுசா எதாவது வச்சா கன்சென்ட்ல (வாரியம் குடுக்கற அனுமதியில) கேள்வி வரும்னு பயம், அதனால கடைசி டேங்க்ல இருந்து ஒரு சின்னக் குழாய் எடுத்து ட்ரயல் ஓட்டறதுக்கு எழுத்துல அனுமதி குடுங்க, ட்ரயல் தண்ணி மறுபடி டேங்க்குக்கே திரும்பணும்னு நிபந்தனை போடுங்க. பழைய ஓட்ட எந்த வகையில சேக்கணும்னு மொதல்லயே தெளிவா எழுதிக் குடுங்க, அப்புறம் அவரவர் இஷ்டத்துக்கு விளக்கம் சொல்ல மாட்டாங்க. பர்கூர், தர்மபுரி அரசு இன்ஜினியரிங் காலேஜ்ல படிக்கற புள்ளைங்களுக்கு வருஷா வருஷம் புராஜெக்ட் வேணும், நல்ல தண்ணியில உப்பக் கரைச்சு பண்றதுக்கு பதிலா நெசமான பட்டறைத் தண்ணியில பண்ணச் சொல்லுங்க, கெட்டித் தண்ணியில எவ்வளவு புடிக்குது, எப்ப நெரம்புது, எத்தன தடவ கழுவி ஓட்டலாம், சிஓடி எவ்வளவு ஏறுது, இந்த நாலு கேள்விக்கு நம்ம மாவட்டத் தண்ணிக்கான பதில் வந்தாலே பெரிய விஷயம். பையூர் ஆராய்ச்சி நிலையம் காவேரிப்பட்டணம் பக்கத்துலயே இருக்குது, கொட்டை பிரிக்கறதுலயும் காய வைக்கறதுலயும் அவங்க யோசனை கேக்கலாம். வருஷா வருஷம் நடக்கற மாங்கனி கண்காட்சியில, பெரிய பெரிய மாம்பழம் அடுக்கி வைக்கற எடத்துல ஒரு ஓரமா, ஓடு நெரப்பின குழாய் ஒண்ணு ஓடட்டும், ஜனங்க பாக்கட்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரங்களுக்கு தண்ணிய சோதிச்சுப் பாக்கணும்ங்கறது புதுசு இல்ல, ஃபுளோரைடு தண்ணியக் குடிச்சு பல்லு கறை புடிச்ச தலைமுறை ஒவ்வொரு ஊர்லயும் இருக்குது, ஒகேனக்கல் தண்ணி 2013ல வந்த அப்புறம்தான் கொஞ்சம் மூச்சு விட்டோம். அதுவும் கண்ணுக்குத் தெரியாத விஷம்தான்.

பிளேட்டிங் முதலாளிமாருங்களுக்கு என் வேண்டுகோள், உங்கள்ல ரெண்டு மூணு பேரு முன்னால வாங்க, சயனைடு இல்லாத, நிக்கலோ ஜிங்க்கோ மட்டும் ஓடற லைனா இருந்தா நல்லது. கடைசித் தண்ணி சாம்பிள ஒரு அங்கீகாரம் உள்ள லேப்ல குடுத்து மொத்த உலோகமும் கால்சியமும் எவ்வளவுன்னு ரிப்போர்ட் வாங்கி வைங்க. மாங்கூழ்காரங்க உங்கள்ல ஒருத்தரு வர்ற சீசன்ல ஒரு டன் கொட்டைய மட்டும் தனியா காய வச்சுக் குடுங்க, ட்ரயலுக்கு அது தாராளம். மே மாசம் பழம் எறங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ கூடி உக்காந்தோம்னா தளம், ஷீட்டு, டிரம் எல்லாம் ஏற்பாடு பண்ண நேரம் இருக்கும். கூட்டம் எங்க, எப்பன்னு நீங்க முடிவு பண்ணிச் சொன்னா, குழாயும் குருணையும் டெஸ்ட் பாட்டிலும் எடுத்துட்டு நான் வர்றேன், உங்க தண்ணிய ஒரு கேன்ல கொண்டாங்க, உங்க கண்ணு முன்னாலயே ஓட்டிப் பாத்துடலாம்.

இப்படிக்கு,
காவேரிப்பட்டணம் பக்கத்து ஊர்க்காரன்,
ஓசூர்ல இடிபி பாக்கறவன்